பேசாத படம் ஊமையா ஓடலைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன வாரம் உங்க ஞாயிறு இணைப்புல பழைய சினிமா பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா ஒரே ஒரு வரி மட்டும் நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. பேசாத படக் காலத்துல ஜனங்க சத்தமே இல்லாத கொட்டகைல உக்காந்து படம் பாத்தாங்கன்னு போட்டிருந்தீங்க. அப்படி இல்லீங்க. அந்தக் காலத்துல ஊர்லயே சத்தம் ஜாஸ்தியான எடம்னா அது சினிமாக் கொட்டகைதான். எங்க அப்புச்சி, அதாவது எங்கம்மாவோட அப்பா, இருபதுகள்ல சின்னப் பையனா இருக்கறப்போ சிங்காநல்லூர்ல இருந்து வண்டி பூட்டிட்டு குடும்பத்தோட கோயமுத்தூர் வெரைட்டி ஹாலுக்குப் போனவரு. "தேர் நோம்பி மாதிரி இருக்கும் கண்ணு"ன்னு சொல்லுவாரு. அவரு மடியில உக்காந்து இதக் கேட்டு வளந்தவன் நான், எனக்கு இப்ப 76 வயசு, இத நான் சொல்லாம விட்டா எங்க வீட்ல சொல்ல வேற ஆள் இல்ல.

வெரைட்டி ஹால் பத்தி எங்கூர்ல எல்லாருக்கும் தெரியும், மத்த ஊர்க்காரங்களுக்காக சொல்றேன். சாமிக்கண்ணு வின்சென்ட்னு ஒருத்தரு, எங்கூர்க்காரர், திருச்சி ரயில்வேயில ட்ராஃப்ட்ஸ்மேன் வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு. 1905ல டூபாண்ட்டுங்கற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கிட்டு ஊர் ஊரா வந்தவரு திருச்சியில உடம்பு சரியில்லாமப் போய் ஊருக்குத் திரும்ப நெனைக்கறாரு, அவருகிட்ட இருந்து ப்ரொஜெக்டரையும் ஏசுநாதர் கதைப் படத்தையும் இவரு வாங்கி, இருந்த ரயில்வே வேலையையும் விட்டுட்டு கூடாரத்தைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாருங்க. வடக்க பெஷாவர் வரைக்கும் போய்ப் படம் காட்டியிருக்காரு. அப்பறம் 1914ல ஊர் திரும்பி ஒரே எடத்துல கட்டடமாக் கட்டினதுதான் வெரைட்டி ஹால். அந்த ரோட்டுக்கே அதான் பேரு, இன்னைக்கும் பஸ்ல ஏறி வெரைட்டி ஹால் ரோடுன்னுதான் டிக்கெட் கேக்கறோம்.

நீலகிரி பைக்காரா ஆத்துத் தண்ணியில எடுத்த கரண்ட் எங்க பக்கம் வந்தது முப்பதுகள்லதானுங்க. அதுக்கு முன்னாடி கிராமத்து ஜனத்துக்கு விளக்குன்னா எண்ணெய் விளக்கும் அரிக்கேனும்தான். அப்பேர்ப்பட்ட ஜனம் இருட்டுன பொறகு டவுனுக்குள்ள வண்டிய ஓட்டிட்டு வந்து கொட்டகை வாசல்ல எரியற கரண்ட் லைட்ட பாக்கறப்போ எப்படி இருந்திருக்கும்! படத்துக்கு உள்ள போகாம வாசல்ல நின்னு லைட்ட மட்டும் பாத்துட்டுப் போனவங்களும் உண்டுன்னு அப்புச்சி சொல்லுவாரு. வாசல்ல பேண்டு செட்டு வாசிக்கும். பகல்லயே வண்டியில தட்டி கட்டி, மோளம் அடிச்சு, நோட்டீஸ் வீசிட்டுப் போவாங்க, பசங்க பின்னாடியே ஓடுவாங்க.

உள்ள போனா தரை, பெஞ்சு, நாற்காலின்னு காசுக்குத் தக்கன எடம். எங்க ஜனம் தரைதான். புளிச்சோத்து மூட்டைய நடுவுல வெச்சுட்டு சுத்தி உக்காந்துக்குவாங்களாம். மெஷின் ஒண்ணுதான் இருக்கும், ஒரு ரீலு ஆயிரம் அடி, பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும், அடுத்த ரீல் மாட்டற வரைக்கும் லைட்டப் போட்டுருவாங்க, உடனே முறுக்குக்காரன் சோடாக்காரன் சத்தம், கொழந்தைங்க அழுகை, இப்ப ராஜா என்ன பண்ணுவான் பாருன்னு பந்தயம் கட்டறவங்க சத்தம். ஆபரேட்டரு கையாலதான் சுத்தணும், சண்டை சீன் வந்தா அவரு கை தானா வேகமாயிரும், கீழ ஜனம் "சுத்துடா சுத்து"ன்னு கத்தும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன். படத்துக்கு நடுவுல எழுத்துப் பலகை மாதிரி ஒண்ணு வருமே, யாரு என்ன பேசறாங்கன்னு, அது இங்கிலீஷ்ல இருக்கும், தமிழ்ல இருக்கும், இந்தியிலயும் இருக்கும். கொட்டகைல உக்காந்திருக்கறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு எழுத்துன்னாலே தெரியாது. அதனால தெரையோரம் ஒரு ஆள் நின்னு அத உரக்கப் படிப்பாருங்க. சும்மா படிக்கறதில்ல, ராஜாவுக்கு ஒரு கொரல், ராணிக்கு ஒரு கொரல், வில்லனுக்கு ஒரு கொரல். இங்கிலீஷ் படம்னா கதையவே நம்மூர்க் கதையா மாத்திச் சொல்லிருவாரு. ஹார்மோனியக்காரரு தபேலாக்காரரு ரெண்டு பேரும் தெரையப் பாத்துக்கிட்டே வாசிப்பாங்க, குதிரை ஓடறப்போ தபேலா ஓடும், தாய் அழுதா ஹார்மோனியம் அழும். இத்தனையும் சேந்ததுதானுங்க பேசாத படம்.

எங்க அப்புச்சி திண்ணைப் பள்ளிக்கூடம் போனவரு, எழுத்துக் கூட்டுவாரு. அவங்கம்மாவுக்கு, அதாவது எங்க பெரிய பாட்டிக்கு, ஒரு எழுத்து தெரியாது, காதும் கொஞ்சம் மந்தம், தெரையோரம் நிக்கறவரு படிக்கறது கேக்காது. அதனால இவரு அம்மா காதோரம் வாய வெச்சு சத்தமா படிப்பாரு. ரெண்டு மூணு ரீலுக்குள்ள முன்னாடி வரிசை பின்னாடி வரிசைக்காரங்க எல்லாம் இவரப் பாக்கத் திரும்பி "பையா, எங்களுக்கும் கேக்கறாப்ல படி"ம்பாங்களாம். எட்டி போலோன்னு ஒரு அமெரிக்கக்காரன், சர்க்கஸ்ல இருந்து சினிமாவுக்கு வந்தவன், தாவறதும் குதிக்கறதும் நெசமாவே பண்ணுவான், அவன் தொடர்படம்னா வாரா வாரம் கூட்டம். மலை உச்சியில அவன் தொங்கறப்போ படத்த நிறுத்திருவாங்க, அடுத்த வாரம் வந்துதான் ஆகணும். எங்க பெரிய பாட்டி அந்த வாரம் பூரா "அந்தப் பையன் பொழச்சானா சாமி"ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம்.

சாமி படம்னா சத்தமே வேற மாதிரி. நம்ம நாட்டு சினிமாவுக்கு முன்னோடியான பால்கே எடுத்த லங்கா தகனம் 1917ல வந்துச்சே, அதுல ராமர் தெரையில வந்தா ஜனம் செருப்பக் கழட்டிட்டு கும்பிட்டுச்சாம். மெட்ராஸ்ல வசூலான சில்லறைய மூட்டை கட்டி மாட்டு வண்டியில போலீஸ் காவலோட கொண்டு போனாங்கன்னு சொல்லுவாங்க. அந்த ராமரும் சீதையும் ஒரே ஆளுங்க, சாலுங்கேன்னு பேரு, ஹோட்டல்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தவரு. அதையெல்லாம் யாரு பாத்தா, கும்பிடற மனசு கும்பிட்டுச்சு.

1931 அக்டோபர் 31, மெட்ராஸ் கினிமா சென்ட்ரல் கொட்டகைல தமிழோட முதல் பேசற படம் காளிதாஸ் வந்துச்சு, கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி பாடினாங்க. உங்க கட்டுரைலயும் இந்தத் தேதி இருக்கு. வின்சென்ட்டும் 1933ல அதே ராஜலட்சுமிய வெச்சு வள்ளி திருமணம் எடுத்தாரு, ஓடு ஓடுன்னு ஓடுச்சு. சந்தோஷம்தான். ஆனா தெரையோரம் நின்னு படிச்ச அந்த மனுசன், ஹார்மோனியக்காரரு, தபேலாக்காரரு எல்லாம் அடுத்த வருசம் எங்க போய் கஞ்சி குடிச்சாங்கன்னு நம்ம யாருமே எழுதலையே. படத்த எடுத்தவங்க பேரு இருக்கு, கொட்டகை கட்டினவங்க பேரு இருக்கு. தென்னிந்தியாவோட முதல் கதைப் படம் கீசக வதம், நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்துல எடுத்தது, அதோட ஒரு அடி ஃபிலிம் கூட இப்ப இல்ல, ஆனாலும் பேராவது இருக்கு. ராத்திரி ராத்திரி தொண்டை கட்டக் கத்திப் படிச்சவங்களுக்கு அதுவும் இல்ல. அவங்க கொரல் இல்லாம எங்க பெரிய பாட்டி மாதிரி ஜனத்துக்கு கதையே புரிஞ்சிருக்காது.

அறுபதுகள்ல நான் அப்புச்சிய டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் எம்ஜியார் படம், சிவாஜி படம் எல்லாம் காட்டியிருக்கேன். டைட்டில் போட ஆரம்பிச்சா போதும், கதை வசனம்ல இருந்து கடைசிப் பேரு வரைக்கும் ஒவ்வொண்ணா உரக்கப் படிப்பாரு, பக்கத்து சீட்டுக்காரங்க மொறைச்சாலும் நிறுத்த மாட்டாரு. எனக்கு அப்ப கூச்சமா இருக்கும், கைய புடிச்சு அமுக்குவேன். அமுக்கியிருக்கக் கூடாதுன்னு இப்ப தோணுதுங்க.

அதனால ஒரு வேண்டுகோள். அந்த வரிய அடுத்த வாரம் திருத்திப் போடுங்க. அதோட, கொட்டகைல படிச்சவங்க, வாசிச்சவங்க, மெஷின் சுத்தினவங்க வீட்டுப் பேரன் பேத்திங்க யாராச்சும் இருந்தா பேரு, போட்டோ, பழைய நோட்டீஸ் எது கைல இருந்தாலும் அனுப்பச் சொல்லி ஒரு அறிவிப்பு போடுங்க. எங்க மாதிரி கேட்டு வளந்தவங்க இன்னும் கொஞ்ச பேருதான் இருக்கோம். கோயமுத்தூர்ப் பக்கம் யாரையாச்சும் போய்ப் பாத்துக் கேக்கணும்னா சொல்லுங்க, நானே நேர்ல போய் எழுதி வாங்கி அனுப்பறேன்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்,
சிங்காநல்லூர், கோயமுத்தூர்