முன்கூடத்தை மட்டும் இடிக்க வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நம் திருச்செந்தூர் விடுதியைப் புதுப்பிக்க நீ அனுப்பிய பிளானை அம்மாவும் நானும் பார்த்தோம். மாடியில் ஏ.சி. அறைகள், லிஃப்ட், கடலைப் பார்த்த பால்கனி, எல்லாம் சரிதான். எனக்கு அதில் மறுப்பே இல்லை. ஆனால் முன்கூடத்தை எடுத்துவிட்டு அங்கே வரவேற்பறையும் கார் நிறுத்துமிடமும் போட்டிருக்கிறாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

1923-இல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் வந்தது. அதுவரை வண்டி கட்டியும் நடந்தும் வந்த கூட்டம் அப்புறம் ரயிலில் வந்து இறங்கியது. மடம், சத்திரம் என்று சொந்தச் சமுதாயத்துக்கு இடம் இருந்தவர்கள் அங்கே போனார்கள். மற்றவர்களுக்குக் கடற்கரை மணல்தான். என் தாத்தா உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி. சிப்பம் அடுக்க அவர் கட்டிய கிட்டங்கிதான் நம் முன்கூடம். ஒரு கந்த சஷ்டிக்கு அடைமழை. பிள்ளைகுட்டிகளோடு நனைந்து நின்றவர்களைப் பார்த்துவிட்டு, சிப்பங்களை ஒரு மூலைக்குத் தள்ளிக் கதவைத் திறந்துவிட்டார். அறைகளெல்லாம் பிறகு கட்டியவை, அவற்றுக்கு வாடகை உண்டு. கூடத்தில் படுப்பவர்களிடம் காசு வாங்குவதில்லை என்பது தாத்தா வைத்த வழக்கம். என் அப்பாவும் அதை மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை. (வாசல் போர்டில் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று இருப்பதையும் அப்படித்தான், 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அப்பா அழிக்க விடவில்லை.)

கட்டடம் பழசு, தாங்காது என்கிறார் உன் இன்ஜினியர். நேரில் வந்து பார்க்கச் சொல். கூடத்துச் சுவர் சுண்ணாம்புக் காரை. கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்துப் பூசியது. சுரண்டிப் பார்த்தால் நகம்தான் தேயும். மேலே வைரம் பாய்ந்த பனை உத்திரம், அதன்மேல் மட்டப்பா என்கிற தட்டைக் கூரை. அப்பா காலத்தில் எழுப்பிய மாடிதான் கவலை. உப்புக்காற்று பட்டுக் கம்பி துருப்பிடிக்கிறது. துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது, பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. இடிக்க வேண்டியது அதைத்தான்.

அதோடு 1991 முதலே கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் இருக்கின்றன. அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. 2025 தொடக்கத்தில் கோயிலுக்கு முன்னாலேயே கடல் மணலை அரித்துக்கொண்டு போனதை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கூடத்தில் என்ன நடந்தது என்று உனக்கு முழுக்கச் சொன்னதில்லை. மார்கழி பிறந்த அன்று பிடித்த மழை. பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம் ஊரிலிருந்து புறப்பட்ட சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்று, சுமார் 800 பேர் அதில் மாட்டிக்கொண்டார்கள். ரோடு இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. நீ எங்களைக் கூப்பிட்டுக் கிடைக்காமல் தவித்தாய். இங்கே மொட்டை போட வந்த குடும்பங்களும் மாலை போட்ட சாமிமாரும் கூடம் நிறையப் படுத்திருந்தார்கள். அம்மா அண்டாவில் கஞ்சி வைத்தாள். கேஸ் தீர்ந்ததும் பழைய ஜன்னல் சட்டங்களை உடைத்து அடுப்பெரித்தோம். ஒரு கைக்குழந்தைக்குப் பால் இல்லை என்றதும் மெடிக்கல் கடைக்காரர் முழங்கால் தண்ணீரில் போய் ஷட்டரைத் தூக்கிப் பால்பவுடர் எடுத்து வந்தார். அறைக்கு வாடகை கொடுத்தவர்களும் இருட்டில் தனியாக இருக்க முடியாமல் கீழே இறங்கி வந்து, அதே பாயில் உட்கார்ந்து அதே கஞ்சியைக் குடித்தார்கள். அந்த இடத்தில் காரை நிறுத்த எனக்கு மனசு வராது.

வரவேற்பறையை வடக்குப் பக்கம் தள்ளச் சொல். காருக்குத் தென்னை நிற்கும் காலியிடம் போதும். கூடத்துக்குத் தனிக் கழிப்பறை, பெண்கள் உடை மாற்ற ஒரு மறைப்பு, கடல் மணல் போய்க் குழாய் அடைக்காதபடி வெளியே கால் கழுவ ஒரு தொட்டி, இவை கட்டாயம் வேண்டும். செலவை நம் கணக்கில் வை, பேங்க் லோனில் சேர்க்காதே. இன்ஜினியர் சஷ்டிக்கு முன்னால் வந்தால் கூடவே இருந்து எல்லாவற்றையும் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா