மொழிபெயர்த்துவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு குழந்தைகளின் வளர்ச்சியைக் கணிக்கும் ஏ.எஸ்.க்யூ. (Ages and Stages Questionnaires) என்ற அமெரிக்க வினாத்தாளை அந்தந்த மொழியில் பெயர்த்தாலே போதும் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. போதாது. ஈரானில் அதைப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்த விதமே இதற்குச் சாட்சி.

பெற்றோரே நிரப்பும் தாள் இது; ஒவ்வொரு வயதுக்கும் தனித்தாள் உண்டு. பேச்சு, உடல் அசைவு, விரல் வேலை, யோசித்துச் செய்தல், பிறரோடு பழகுதல் என ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள். ‘ஆம்’ 10, ‘சில சமயம்’ 5, ‘இன்னும் இல்லை’ 0. சராசரிக்கு இரண்டு திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) கீழே இருப்பதே எல்லைக்கோடு; அதற்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். யாருடைய சராசரி? தெஹ்ரானின் சமூகநல, மறுவாழ்வு அறிவியல் பல்கலைக்கழகத்தார் 4 முதல் 60 மாதம் வரையுள்ள ஈரானியக் குழந்தைகளிடமே சோதித்து, எல்லைக்கோட்டைப் புதிதாக வகுத்தார்கள். அமெரிக்க எண்களை அப்படியே வைத்திருந்தால் சில பிள்ளைகள் தப்பிப்போவார்கள், சில தாய்மார் வீணாகக் கலங்குவார்கள்.

மொழிச் சோதனை எதுவானாலும் சிக்கல் இன்னும் நுட்பமானது. அவன், அவள் இரண்டுக்கும் பாரசீகத்தில் ‘ஊ’ ஒன்றுதான். ஆங்கிலச் சோதனையில் இந்த வேறுபாட்டைக் கேட்கும் கேள்வி அங்கே செல்லாது. எண்ணுக்குப் பின் பன்மை விகுதியும் வராது. ‘தோ கெதாப்’ என்பது நாம் ‘ரெண்டு புத்தகம்’ என்பது போலத்தான். குழந்தை அப்படிச் சொல்வதை வைத்துப் பன்மை தெரியாத குழந்தை என்று குறித்தால் பிழை சோதனையுடையது. ரொட்டிக்கான பாரசீகச் சொல் எழுத்தில் ‘நான்’, வாயில் ‘நூன்’. குழந்தையிடம் பேச்சு வழக்கில்தான் கேட்க வேண்டும். ஈரானின் தப்ரீஸ் நகரில் வீட்டில் அஸெரி என்ற துருக்கிய இன மொழி பேசும் பிள்ளைக்கு இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கணக்கிலும் தவறுகிறார்கள். ஒரு கேள்வி விடுபட்டு, மற்ற ஐந்தில் 45 வந்தால் மதிப்பெண் 45 அல்ல. சராசரி 9, அதை விடுபட்ட இடத்தில் போட்டால் 54. மூன்று விடுபட்டால் அந்தப் பகுதியை மதிப்பிடவே கூடாது. எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த 12 மாதக் குழந்தைக்கு 10 மாதத் தாள்தான். குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு இந்தத் திருத்தம் இரண்டு வயதுவரை உண்டு.

கட்டுரையோடு வந்த அட்டவணையில் இருப்பவை அமெரிக்கக் குழந்தைகளுக்கான எல்லை மதிப்பெண்கள். அவற்றைத் தங்கள் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம் என்று அடுத்த இதழில் தயவுசெய்து ஒரு வரி போடுங்கள்.

– பேச்சுப் பயிற்சியாளர், மதுரை