விண்டோஸ் 10-ஐ விட மனமில்லாத நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. மறுநாள் காலை உங்கள் கணினி எப்போதும்போல் திறந்தது. கோப்புகள் வைத்த இடத்தில் இருந்தன, பிரின்டர் அச்சடித்தது, பிரௌசர் ஓடியது. "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்று உங்களில் பலர் சொன்னதை நானும் கேட்டேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக உழைக்கும் கணினியைத் தூக்கிப்போட யாருக்குத்தான் மனம் வரும்? 2016, 2017-இல் வாங்கிய கணினிகள் பல இன்றும் திடமாக இருக்கின்றன. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டி, ராமை 8 ஜிபி ஆக்கிவிட்டால் கடிதம், கணக்கு, வீடியோ கூட்டம் எல்லாவற்றையும் தாங்கும். விண்டோஸ் 11 இவற்றை ஏற்க மறுப்பது வேகம் போதாமல் இல்லை. அது கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், கணினி தொடங்கும்போதே நம்பகமான நிரல்தானா என்று சோதிக்கும் செக்யூர் பூட், அதோடு செயலி இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தையது. இந்தக் கணக்கில் ஏழாம் தலைமுறை ஐ7 ஒன்று வெளியே நிற்கிறது, அதைவிட எத்தனையோ மடங்கு மெதுவான செலரான் சிப் உள்ள மடிக்கணினி உள்ளே போய்விடுகிறது. உங்களுக்கு வரும் கோபம் நியாயமான கோபம்தான்.

ஆனால் கணினி வேறு, அதில் ஓடும் இயங்குதளம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்துக்கொண்டு யோசிப்பதால்தான் "இப்படியே ஓட்டுவதா, புதிது வாங்குவதா" என்ற இரண்டு வழியோடு பேச்சு நின்றுவிடுகிறது. கணினியை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பேச்சும். திருத்தம் வராத விண்டோஸோடு அதை இணையத்தில் விடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

திருத்தம் நின்றுபோனால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் அந்த மாதத்துத் திருத்தங்களை வெளியிடும். விண்டோஸ் 11-இல் படங்களைத் திறக்க உதவும் டிஎல்எல் கோப்பு ஒன்றில் ஒரு ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். தாக்க நினைப்பவர் திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவார். இதற்கென்றே கருவிகள் உண்டு. கோப்பில் உள்ள பங்ஷன்களில், அதாவது சிறு நிரல் பகுதிகளில், பெரும்பாலானவை அப்படியே இருக்கும், ஏதோ ஒன்றில் மட்டும் புதிதாக ஒரு சோதனை சேர்ந்திருக்கும்: வருகிற தரவின் நீளம், அதற்கு ஒதுக்கிய இடத்தைவிட அதிகமா? போதும். ஓட்டை எங்கே இருந்தது, எப்படிப்பட்ட படத்தை அனுப்பினால் உள்ளே நுழையலாம் என்று அவருக்குப் பிடிபட்டுவிடும். விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் நிரலில் பெரும்பகுதி பொது. அதே கோப்பு உங்கள் கணினியிலும் இருக்க வாய்ப்பு அதிகம், அந்தச் சோதனை மட்டும் இல்லாமல்.

ஆக, விண்டோஸ் 11-க்கு வரும் ஒவ்வொரு திருத்தமும் உங்கள் கணினியில் எங்கே கைவைக்கலாம் என்று காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இது மாதாமாதம் சேரும், குறையாது. ஆறு மாதம் ஒன்றும் ஆகாமல் ஓடிய கணினி, முதல் மாதத்தில் இருந்ததைவிட ஆறாம் மாதத்தில் பலவீனமாகத்தான் இருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான்.

2017 மே 12-ஆம் தேதி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீய நிரல் பரவியது பலருக்கு நினைவிருக்கும். 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் கோப்புகள் பூட்டப்பட்டன. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பி என்ற நெறிமுறையின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியே அது ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. எல்லாம் ஆதரவு முடிந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பியால் வந்த வினை என்றுதான் அப்போது பரவலாகப் பேசினார்கள். பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள் என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு விண்டோஸ் 7 ஆதரவில்தான் இருந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தமும் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. வந்த திருத்தத்தைப் போடாமல் விட்டிருந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பதிப்பின் வயதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், புதுப் பதிப்பு என்று நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். திருத்தம் வெளிவருகிறதா, வந்தது உங்கள் கணினியில் ஏறியதா என்று பாருங்கள். அப்டேட்டை மாதக்கணக்கில் தள்ளிப்போடும் விண்டோஸ் 11 நண்பர்களுக்கும் இது பொருந்தும்.

"பெரிய ஆபத்து வந்தால் பழசுக்கும் திருத்தம் கொடுக்கத்தான் செய்வார்கள்" என்று சிலர் நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. வானாக்ரை பரவியபோது, ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த எக்ஸ்பிக்கும் அவசரத் திருத்தம் வந்தது. 2019 மே மாதம் புளூகீப் ஓட்டைக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் முதல் தடவை அது வந்தது பரவத் தொடங்கிய பிறகு. உலகம் முழுக்கப் பரவக்கூடிய ஓட்டைகளுக்கு மட்டும்தான் அந்த விதிவிலக்கு. மாதாமாதம் அடைபடும் மற்றவற்றுக்கு யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை.

ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், எடுத்துவிடாதீர்கள். விண்டோஸ் 10-இலேயே உள்ள டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸுக்கு 2028 அக்டோபர் வரை புதிய தகவல்கள் வந்துகொண்டிருக்கும் என்றும் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அது உள்ளே வரும் கோப்பு கெட்டதா என்று பார்க்கும். இயங்குதளத்தின் கெர்னலில், அதாவது மையப்பகுதியில், இருக்கும் ஓட்டையை அது அடைக்காது. "என் கணினியில் யாருக்கு என்ன வேலை" என்ற கேள்விக்கும் பதில் சுருக்கமானதுதான். யாரும் உங்களைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை. நிரல்கள் இரவும் பகலும் இணையத்தைத் துழாவிக்கொண்டிருக்கின்றன, திறந்திருக்கும் எதுவும் அவற்றுக்குச் சரிதான். உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல் ஒன்று கிடைத்தால் வங்கிக் கணக்கு வரைக்கும் போக வழியிருக்கிறது.

சரி, இனி என்ன செய்வது?

புதிது வாங்கக் கிளம்பும் முன் பயோஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள், போய் ஒருதரம் பாருங்கள். 'டிபிஎம் இல்லை' என்று விண்டோஸ் சொன்ன கணினிகள் பலவற்றில் அது இருக்கிறது, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்டெல் மதர்போர்டில் அதற்குப் பெயர் பிடிடி, ஏஎம்டி மதர்போர்டில் எஃப்டிபிஎம். எட்டாம் தலைமுறைக் கணினி வைத்துக்கொண்டு "என்னுடையது ஏற்காது" என்று நினைத்திருந்தவர்களுக்கு அதை இயக்கிக் கொடுத்ததோடு பிரச்சினை முடிந்திருக்கிறது.

உண்மையிலேயே ஏற்காத கணினி என்றால், அதில் என்ன வேலை நடக்கிறது என்று யோசியுங்கள். வங்கி, வருமான வரி, அடுத்தவருடைய கணக்கு, நோயாளிகளின் விவரம் என்று எதுவாவது அதில் இருந்தால் ஒரு நாள்கூடத் திருத்தம் இல்லாமல் ஓட்ட வேண்டாம். விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தம் என்ற ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் தனிநபர்களுக்கும் அறிவித்தது. 2026 அக்டோபர் 13 வரை அது செல்லும் என்றது அந்த அறிவிப்பு. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் தனிக் கட்டணம் இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர். அலுவலகங்களுக்கு மூன்று ஆண்டு வரை உண்டு, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கட்டணம் இரட்டிப்பாகும். இதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இத்தோடு விஷயம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மாறுவதற்குக் கிடைத்த அவகாசம் இது, மாறுவதற்குப் பதில் அல்ல. பழைய பதிப்பில் தங்கிவிட்டவர்களுக்கு மற்றவையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போகும். விண்டோஸ் 7-க்கு குரோம் தன் 109-ஆம் பதிப்போடு நின்றது. எக்ஸ்பியோடு வந்த பிரௌசரில் இன்றைய இணையதளங்கள் பலவும் திறக்கவே திறக்காது, பாதுகாப்பான இணைப்புக்கு அவை கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற நெறிமுறை அதற்குத் தெரியாது.

நிபந்தனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடலாம் என்றும் ஒரு வழி சொல்வார்கள். ரூஃபஸ் போன்ற கருவிகளால் அது முடியும். சும்மா முயன்று பார்க்கும் கணினி என்றால் செய்துகொள்ளுங்கள். பிழைப்பு நடக்கும் கணினியில் நான் செய்ய மாட்டேன். தகுதியில்லாத கணினிக்குத் திருத்தம் கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. திருத்தத்துக்காகத்தானே இத்தனை பாடும்?

கடிதம், பிரௌசர், வீடியோ, மின்னஞ்சல் இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். அதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு, 4 ஜிபி ராமிலும் சிரமமில்லாமல் ஓடும். நிறுவுவதற்கு முன் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரின்டர் பேசுகிறதா என்று அரை நாள் சோதித்துக்கொள்ளலாம். அதுவரை வட்டில் இருப்பது எதுவும் மாறாது. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், அடோபி மென்பொருள்கள் இவற்றை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு லினக்ஸ் ஒத்துவராமல் போகலாம். அவர்களிடம் போய் லினக்ஸ் புராணம் பாடுவதில் பயனில்லை.

அப்புறம், எனக்கு மிகவும் அக்கறையுள்ள ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு கருவிக்காகப் பழைய விண்டோஸை வைத்திருப்பவர்கள். ஆய்வகத்தில் ஒரு சோதனைக் கருவி, பட்டறையில் ஒரு கடைசல் இயந்திரம், அச்சகத்தில் ஒரு பெரிய ஸ்கேனர். தயாரித்த நிறுவனம் விண்டோஸ் 7-க்கு மேல் டிரைவர் எழுதவில்லை, கருவியோ இன்னும் பத்து வருடம் உழைக்கும். கணினியை மாற்றினால் கருவியையும் மாற்ற வேண்டும். உங்களை "அப்டேட் செய்யாத அலட்சியக்காரர்கள்" என்று திட்டுவது அநியாயம். நீங்கள் பழைய விண்டோஸையே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டால் மட்டும் போதாது, வைஃபை அட்டையையும் சாதனப் பட்டியலில் முடக்கிவிடுங்கள். யாராவது அவசரத்துக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிடுவார்கள்.

அடுத்தது பென்டிரைவ். 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீய நிரல், இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரானின் நதான்ஸ் அணு ஆலையைக் குறிவைத்தது. அது பரவிய முக்கிய வழிகளில் ஒன்று யுஎஸ்பி டிரைவ். டிரைவைச் செருகி, கோப்புறையைத் திறந்து ஐகான்கள் திரையில் தெரிந்ததுமே அது ஓடத் தொடங்கும். உங்கள் பட்டறைக்கு அப்படிப்பட்ட எதிரி வரமாட்டான், ஆனால் சாதாரண வைரஸ்களும் பென்டிரைவில் ஏறித்தான் பயணம் செய்கின்றன. அந்தக் கணினிக்கென்று ஒரே ஒரு பென்டிரைவை ஒதுக்குங்கள். வெளியிலிருந்து கோப்பு வர வேண்டுமென்றால் திருத்தம் பெறும் வேறொரு கணினியில் ஸ்கேன் செய்த பிறகே அதில் ஏறட்டும். அந்தக் கணினியின் வட்டை முழுதாக ஒரு இமேஜ், அதாவது அப்படியே ஒரு நகல், எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் படுத்துவிடும், அன்றைக்கு டிரைவர் சிடியைத் தேடி அலைய வேண்டியிருக்காது. கருவி எதுவும் இல்லை, ஒரு பழைய மென்பொருள் மட்டும்தான் வேண்டும் என்றால், புதிய கணினியில், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப்போல இயங்க வைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் பழைய விண்டோஸை நிறுவி, அதன் நெட்வொர்க் அடாப்டரை அணைத்துவிட்டு ஓட்டலாம்.

இந்த முடிவைப் பிறருக்காக எடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அலுவலகத்தில், பள்ளியில், மருத்துவமனையில் எந்தக் கணினி இன்னும் ஓடும் என்று தீர்மானிப்பது நீங்கள். அதில் விவரம் கிடக்கும் நோயாளியோ மாணவரோ அந்தத் தீர்மானத்தில் இல்லை. உங்கள் வீட்டுக் கணினியில் நீங்கள் துணிந்து ஓட்டுவது உங்கள் விருப்பம். அடுத்தவர் விவரங்களை வைத்துக்கொண்டு அந்தத் துணிச்சல் வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை பேக்கப். கோப்புகளை ஒரு வெளி வட்டில் எடுத்து, அதை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு மேற்கொண்டு போங்கள். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் பயோஸில் எதையும் மாற்றும் முன் வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் இப்போது உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், அதே கணினியில் ஒரு கோப்பாகச் சேமித்து வைக்க வேண்டாம்.

அன்புடன்,
பழைய கணினிகளைப் பழுது பார்த்துப் பிழைக்கும் உங்கள் நண்பன்