கார்த்திகைக்கு முன்னால் தங்கைக்கு ஒரு கடிதம்

பாப்பா,

அம்மாவின் தலைத்திவசம் முடிந்துவிட்டது. இந்த வருஷம் விளக்கு வைக்கத் தடையில்லை. நீ வைக்கப்போவதில்லை என்று காதில் விழுந்தது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

புது அகல் வாங்கினால் முந்தின நாளே வாளித் தண்ணீரில் நாலைந்து மணி நேரம் ஊறப்போடு. மண் தண்ணீர் குடித்துவிட்டால் எண்ணெயை அவ்வளவாகக் குடிக்காது. எடுத்து நிழலில் நன்றாகக் காயவிடு. ஈரம் நின்றால் திரி படபடவென்று பொரிந்து அணையும். திரியை முழுக்க எண்ணெயில் நனைத்து, நுனியில் துளி கற்பூரப்பொடி தொட்டு வை. வாசல் காற்றிலும் சட்டென்று பற்றும்.

பொரி உருண்டைதான் உனக்குப் பயம், தெரியும். நாலு ஆழாக்கு அவல்பொரிக்கு ஒரு ஆழாக்கு வெல்லம், கால் ஆழாக்குத் தண்ணீர். அடைமழை மாசத்தில் பொரி நமுத்திருக்கும். வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டிக்கொள். வெல்லம் கரைந்ததும் மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்கவிடு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும்.

அன்றைக்கு நீ மூன்றாவது சொட்டை உருட்டிக்கொண்டிருந்தாய். உள்ளங்கையில் அரிசி மாவு, மூக்கு நுனியிலும் மாவு. சுவரில் சாய்ந்திருந்த அம்மா, “இன்னும் ஒரு கொதி வரட்டும்” என்றாள். நான்தான் கேட்காமல் பொரியைக் கொட்டினேன். மணி ஆறாகப் போகிறது, மலையில் தீபம் ஏற்றிவிடுவார்கள், அம்மாவால் அதற்கு மேல் உட்காரவும் முடியவில்லை. மறுநாள் உருண்டையெல்லாம் நசநசத்து உதிர்ந்தது. வந்தவர்கள் முன்னால் உன் கைப்பக்குவம் சரியில்லை என்றேன். தப்பு என்னுடையது, பாப்பா. நீ பார்த்த பதம் சரி.

ஆனால் அதற்காக அந்தக் கடைசி மாசம்... வேண்டாம். சொந்தக்காரர்களும் படிப்பார்கள். நான் ஒருத்தியாகவே பார்த்துக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியும், அது போதும்.

பதம் வந்ததும் சுக்கு, ஏலக்காய், நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல் சேர்த்துப் பொரியைக் கொட்டிக் கிளறு. கை பொறுக்கும் சூட்டிலேயே பிடி. பாதியில் இறுகினால் சிறு தீயில் ஒரு நிமிஷம் காட்டு, இளகிவிடும். திரும்பப் பாகு ஊற்றாதே.

மறுநாள் குப்பைக் கார்த்திகைக்குக் கொல்லைப்புறம் ஒரு விளக்கு. அம்மா அதை ஒரு வருஷமும் விட்டதில்லை.

வெண்கல உருளி உன் பங்கு. ஒரு வருஷமாக என் அடுப்பிலேயே இருக்கிறது, கொடுக்க மனசு வரவில்லை. தம்பி எடுத்து வருவான். அடி கனம், அடுப்பை அணைத்த பிறகும் சூடு விடாது, பாகு முறிந்துவிடும். ‘டங்’ கேட்டதும் உடனே கீழே இறக்கிவிடு.

அக்கா