அந்த மரத்தை எடுத்துவிடாதே

அன்பு மச்சான்,

உன் மெயிலை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். அட்லாண்டாவில் சொந்த வீடு, அதுவும் தோட்டத்தோடு, ரொம்ப சந்தோஷம். ஆனால் பின்பக்கத்துச் சின்ன மரம் ஆகஸ்ட்டிலேயே மொட்டையாகிவிட்டது, செத்த மரம் எதற்கு, ஆள் வைத்துப் பிடுங்கிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் பதறிப்போய் இதை எழுதுகிறேன். எடுத்துவிடாதே. நீ அனுப்பிய ஜூன் மாத போட்டோவில் ஒவ்வொரு காம்பிலும் ஐந்து இலைகள் கைவிரல் மாதிரி விரிந்திருக்கின்றன. அது ரெட் பக்கை (Red Buckeye). உங்கள் ஜார்ஜியா காடுகளில் பெரிய மரங்களுக்குக் கீழே தானாக வளர்கிற மரம்.

அது சீக்கிரம் எழுந்து சீக்கிரம் தூங்கப் போகிற ரகம். மேலே ஓக் மரங்கள் இலைவிட்டு வெயிலை மறைப்பதற்கு முன்பே தளிர்த்து, கிடைக்கிற வெளிச்சத்தில் சாப்பாட்டைச் சேர்த்துக்கொண்டு, கோடை முடிவதற்குள் இலையைக் கொட்டிவிடும். வெயிலும் வறட்சியும் அதிகமானால் இன்னும் சீக்கிரம். சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார், உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் தடித்த மொட்டுகளும் இருக்கும், அடுத்த வருஷத்துத் துளிர் அதற்குள்தான்.

மார்ச் கடைசி, ஏப்ரல் வரைக்கும் பொறுத்துக்கொள். கிளை நுனிகளில் குழல் குழலாகச் சிவப்புப் பூக்கள் நிமிர்ந்து நிற்கும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஹம்மிங்பேர்ட்கள் உங்கள் ஊருக்குத் திரும்புகிற சமயமும் அதுதான். அவ்வளவு தூரம் பறந்து களைத்து வரும்போது வேறு பூக்கள் அதிகம் இருக்காது, இந்த மரம்தான் தேனோடு காத்திருக்கும். இதற்காகவே அதை வைத்திருக்கலாம், என்னைக் கேட்டால்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. காலை வெயில், மதியம் நிழல் இருந்தால் போதும். மழை இல்லாத வாரங்களில் வேர் நனைய ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடு, அடியில் மல்ச் (மண்ணை மூடுகிற சருகு, மரச்சில்லு) போடு, தண்டை ஒட்டிக் குவிக்காதே. இலையில் பழுப்புத் திட்டுகள் வந்தால் அது பூஞ்சை, மரத்தைக் கொல்லாது. உதிர்ந்த இலைகளை மட்டும் கூட்டி அப்புறப்படுத்தினால் அடுத்த வருஷம் குறையும். பொதுவாக 10 முதல் 20 அடிக்குள்தான் வளரும், வெட்டவே தேவைப்படாது. ஆணிவேர் ஆழமாகப் போகும், அதனால் இடம் மாற்றலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். இலையுதிர் காலத்தில் வழவழவென்று பழுப்பு நிற விதைகள் விழும், பார்க்க அழகு, ஆனால் விஷம். இலை, தளிர், எல்லாமே அப்படித்தான். பூர்வகுடிகள் இந்த விதையை நசுக்கித் தண்ணீரில் கலந்து மீனை மயக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்றால் பார். பாப்பா எதையும் வாயில் வைக்கிற வயசு, நாய் வேறு இருக்கிறது. விழ விழப் பொறுக்கிவிடு.

பொறுக்கியதைத் தூக்கிப் போடாமல் எனக்கு நாலைந்து அனுப்பு, இங்கே ராலேயில் வேலியோரம் விதைக்கிறேன். காய்ந்தால் முளைக்காது, அதனால் ஈரப் பேப்பரில் சுற்றி உடனே அனுப்ப வேண்டும். விதை போட்டு மூன்று வருஷத்திலேயே பூக்கக்கூடிய மரம். அம்மா டிசம்பரில் வருகிறார்கள், அப்போது நீங்களும் கிளம்பி வாருங்கள்.

அன்புடன்,
உன் மச்சான்