பியர்ஸை இரண்டு பெனால்டிக்குள் அடக்கிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரங்கூன் தாம்வேயிலிருந்து எழுதுகிறேன். உங்கள் விளையாட்டுப் பக்கத்தை இங்கே ஃபோனில் படிக்கிற தமிழர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். போன வாரம் பெனால்டியைக் கோட்டை விட்டவர்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில் இங்கிலாந்தின் பழைய டிஃபெண்டர் ஸ்டூவர்ட் பியர்ஸுக்கு ஐந்தாறு வரி. 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் அவர் அடித்த பந்து மேற்கு ஜெர்மனி கோல்கீப்பரின் காலில் பட்டுத் திரும்பியது, 1996 யூரோவில் ஸ்பெயினுக்கு எதிராக அடித்து மனபாரத்தை இறக்கி வைத்தார், பின்னால் ‘நாட்டிங்காம் ஃபாரஸ்ட் மேனேஜராக இருந்து அணியைக் கீழே இறக்கினார்’. அத்தோடு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது கட்டுரை.

முதல் இரண்டும் நடந்தவைதான். மூன்றாவது வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவர் இங்கிலாந்துக்கு ஆடியது 78 ஆட்டம். கிளப்புகளுக்கு ஆடியதோ இருபது வருஷத்துக்கும் மேல். பதினாறு வயதில் தொடங்கி நாற்பது வயதில் நிறுத்தினார். அந்த வாழ்க்கையில் ஒரு வரிகூட உங்கள் கட்டுரையில் இல்லை.

நான் வயரிங் வேலை செய்கிறவன். எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப் பையன்களின் அணியில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்க டிஃபெண்டர், ஆடுகிறேன். அணியை நடத்துவதும் நானே. ஆகவே பியர்ஸ் மேல் எனக்கு இருக்கிற பிரியத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவரும் எலக்ட்ரீஷியன், அவரும் லெஃப்ட் பேக்.

1978-இல் வீல்ட்ஸ்டோன் என்ற கிளப்பில் சேர்ந்தார். லண்டனின் வடமேற்குப் பகுதியில் உள்ள சின்ன கிளப். தொழில்முறை லீகுக்கு வெளியே ஆடும் அணி. பகலில் கரண்ட் வேலை கற்றுக்கொண்டு, வேலை பார்த்துக்கொண்டு, மற்ற நேரத்தில் பந்து. இப்படி ஏறக்குறைய ஐந்து வருஷம். நடுவில் ஹல் சிட்டி என்ற தொழில்முறை கிளப் கூப்பிட்டபோதுகூடப் போகவில்லை. 1983-இல் கவென்ட்ரி சிட்டி மேனேஜர் பாபி கூல்ட் வந்து பார்த்து, அன்றைக்கு நாட்டின் உச்ச லீகாக இருந்த முதல் டிவிஷனுக்குக் கூட்டிப் போனார். அப்போது பியர்ஸுக்கு வயது 21.

இந்த 21 என்ற எண்ணை எங்கள் பையன்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பதினெட்டு வயதுக்குள் யாராவது பெரிய கிளப் வந்து கையைப் பிடித்து இழுக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பூட்ஸை மூலையில் போட்டுவிட்டு தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகிறார்கள். போவது தப்பென்று சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை அப்படி. ஆனால் போகிறவன் பந்தையும் சேர்த்து விட்டுவிட வேண்டும் என்று யார் சொன்னது?

சரி, 1985-க்கு வருகிறேன். ஃபாரஸ்ட் மேனேஜர் பிரையன் கிளஃப் கவென்ட்ரியிலிருந்து இயன் பட்டர்வொர்த் என்ற டிஃபெண்டரை ஃபாரஸ்டுக்கு வாங்கினார். அவரோடு சேர்ந்து வந்தவர்தான் பியர்ஸ். வந்த பிறகும் தொழிலை விடவில்லை. ஃபாரஸ்ட் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் வாங்கும் புத்தகத்தில், வீட்டு வயரிங் வேலை செய்து தரப்படும் என்று தன் பெயரில் விளம்பரம் போட்டார். நாட்டின் முதல் டிவிஷனில் ஆடுகிற மனிதர்! இதைப் பலர் வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்குக் கால்பந்துச் சம்பளம் இன்றைக்குப் போல இல்லை. கால் ஒடிந்தால் அடுத்த மாதம் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று யோசித்தார். டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் பையில் இருக்கிறவனுக்கு அந்தப் பயம் கொஞ்சம் குறையும். பயம் குறைந்தவன்தான் ஐம்பதுக்கு ஐம்பது பந்தில் காலை முழுசாகப் போடுவான். பியர்ஸ் போட்ட மாதிரி போட்டவர்கள் குறைவு.

ஃபாரஸ்டில் பன்னிரண்டு வருஷம். கேப்டனாக 1989-லும் 1990-லும் லீக் கோப்பையைத் தூக்கினார். 1991 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தைப் பழைய வீடியோவில் பாருங்கள். எதிரணியான டாட்டன்ஹாமின் கேஸ்காயின் ஒரு ஃபவுல் செய்து தன் முழங்காலையே கெடுத்துக்கொண்டார். அதற்குக் கிடைத்த ஃப்ரீ கிக்கைப் பியர்ஸ் இடது காலால் அடித்தார். பந்து சுவரைத் தாண்டியதும் தெரிகிறது, வலைக்குள் இருப்பதும் தெரிகிறது. நடுவில் ஒன்றும் தெரிவதில்லை. அப்படியும் கூடுதல் நேரத்தில் டாட்டன்ஹாம் 2-1 என்று ஜெயித்தது. 1993-இல் ஃபாரஸ்ட் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது, கிளஃப் ஓய்வு பெற்றார். இங்கிலாந்து அணியின் லெஃப்ட் பேக் என்ற நிலையில் இருந்தவர், எந்தப் பெரிய கிளப்புக்கும் போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த வருஷமே ஃபாரஸ்டோடு மேலே ஏறி வந்தார். அதற்கடுத்த சீசனில் ஃபாரஸ்ட் பிரீமியர் லீகில் மூன்றாம் இடம். உங்கள் கட்டுரையில் இது வந்திருக்க வேண்டாமா?

அப்புறம் 1996 டிசம்பர். ஃபாரஸ்ட் பட்டியலின் அடியில் கிடந்தது. மேனேஜர் ஃபிராங்க் கிளார்க் பதவி விலகினார். யாரைப் போடுவது என்று தெரியாமல் நிர்வாகம் கேப்டனிடமே தற்காலிகமாகப் பொறுப்பைக் கொடுத்தது. லெஃப்ட் பேக்கும் அவர், மேனேஜரும் அவர். முதல் ஆட்டமே, வெங்கர் மேனேஜராகப் புதிதாக வந்திருந்த ஆர்சனலோடு. பியர்ஸ் பதினோரு பேரை எழுதி மனைவியிடம் காட்டினார். பார்த்துவிட்டு அவர் கேட்டாராம், இதில் கோல்கீப்பரைக் காணோமே என்று. மார்க் கிராஸ்லியின் பெயரையே விட்டிருந்தார்! பியர்ஸே பின்னால் சொன்ன கதை இது. திருத்திய பட்டியலோடு இறங்கி 2-1 என்று ஆர்சனலை வென்றார்கள். ஆல்ஃப்-இங்கே ஹாலண்ட் இரண்டு கோல். இன்றைக்கு மேன்செஸ்டர் சிட்டியில் கோலாக அடித்துத் தள்ளுகிற எர்லிங்கின் அப்பாதான் அவர்.

அந்தப் பட்டியலை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அணி நடத்திப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். பியர்ஸின் மேடை எங்கே, எங்கள் மண் மைதானம் எங்கே. ஆனாலும் வேலை ஒன்றுதான். யாரை உட்கார வைப்பது என்பதுதான் முதல் வேதனை. நேற்று வரை பக்கத்தில் நின்று சட்டை மாற்றியவனிடம் ‘நாளைக்கு நீ இல்லை’ என்று சொல்ல வேண்டும். எங்கள் சின்னம்மா மகனை ஒரு போட்டியில் நான் வெளியே உட்கார வைத்தேன். கோயில் திருவிழா முடிகிற வரை சின்னம்மா வீட்டில் எனக்கு ஒரு வாய் காப்பி கிடையாது. ஃபாரஸ்டில் பியர்ஸ் உட்கார வைத்தது அவரோடு வருஷக்கணக்கில் ஆடியவர்களை.

ஆட்டம் தொடங்கிவிட்டால் இன்னொரு கஷ்டம். வெளியே நிற்கிற மேனேஜருக்கு இரண்டு பக்கமும் தெரியும். உள்ளே ஆடுகிறவனுக்குத் தான் தடுக்க வேண்டிய விங்கர் எங்கே என்பதுதான் முதல் கவலை. டிஃபெண்டருக்கு ஒரு வசதி உண்டு, ஆட்டம் முழுதும் அவன் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது, ஃபார்வர்டைப் போல முதுகைக் காட்டி நிற்க வேண்டியதில்லை. அதனால் எந்த இடத்தில் ஓட்டை விழுகிறது என்பது டிஃபெண்டருக்குத்தான் முதலில் படும். ஆனால் பட்ட நொடியில் பந்து அவன் பக்கமே வந்துவிடுகிறது. யாரை மாற்றுவது என்று யோசிக்க நேரமில்லை. அதைவிட, தானே களைத்துப் போயிருக்கிறோம், தன்னையே வெளியே எடுக்க வேண்டும் என்பதை எவன் ஒப்புக்கொள்வான்?

இத்தனைக்கும் நடுவில் 1997 ஜனவரியில் பிரீமியர் லீகின் அந்த மாதத்துச் சிறந்த மேனேஜர் விருதைப் பியர்ஸ் வாங்கினார். ஆம், சீசன் முடிவில் ஃபாரஸ்ட் கடைசி இடத்தில் நின்று கீழே இறங்கியது. ஆனால் அதற்கு முன்பே டேவ் பாசெட்டை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அணி அந்த நிலைக்குப் போனது பியர்ஸ் வருவதற்கு முன். ‘மேனேஜராக இருந்து அணியைக் கீழே இறக்கினார்’ என்று எழுதினால், தீயை அணைக்கப் போனவன் மேல் தீ வைத்த பழியைப் போடுவது போல ஆகாதா? தயவுசெய்து அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள்.

கால்பந்தின் பெரிய பெயர்களே இந்த இரட்டை வேலையில் திணறியிருக்கிறார்கள். லிவர்பூலில் டால்கிளிஷும் செல்சியில் குலிட்டும் கோப்பை வென்றார்கள், உண்மை. ஆனால் இருவருமே டிஃபெண்டராக இல்லை, இருவர் கையிலும் நல்ல அணி இருந்தது. பியர்ஸைப் போல டிஃபெண்டர் என்றால் வின்சென்ட் கொம்பனியைச் சொல்லலாம். 2019-இல் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் கிளப்புக்கு ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் போனார். முதல் நான்கு ஆட்டத்தில் இரண்டே புள்ளி. ஆட்ட நாள் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஆடுவதில் மட்டும் கவனம் வைத்தார். கொம்பனி சாதாரண ஆளா? அவருக்கே அந்தக் கதி என்றால், பட்டியலின் அடியில் கிடந்த ஃபாரஸ்டை வைத்துக்கொண்டு பியர்ஸ் செய்தது எவ்வளவு பெரிய காரியம்.

ஃபாரஸ்டுக்குப் பிறகு பியர்ஸ் போனது நியூகாஸில். 1998 எஃப்.ஏ. கோப்பை இறுதி வரை போய் ஆர்சனலிடம் தோற்றார்கள். அங்கிருந்து 1999-இல் வெஸ்ட் ஹாம். நான் அவரை முதன்முதலில் பார்த்தது அந்தச் சட்டையில்தான், எங்கள் தெரு முனை டீக்கடை டிவியில். இங்கிலாந்தில் மாலை மூன்று மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் எங்களுக்கு இரவு ஒன்பதரை. கரண்ட் போய்ப் போய் வரும். வந்தால் தெருவே ‘மீ லாப்யீ’, அதாவது கரண்ட் வந்துவிட்டது, என்று கத்தும். அந்த இருட்டில் எத்தனை கோல் போயிருக்குமோ. கடைக்காரர் சின்ன ஜெனரேட்டர் வாங்கி வைத்த பிறகு, அதற்கு லைன் இழுத்துக் கொடுத்தது என் கைவேலை. வெஸ்ட் ஹாமில் ஒரு ஆட்டத்தில் பியர்ஸுக்குக் கால் எலும்பு முறிந்தது. முறிந்தது தெரியாமல் ஓடிப் பார்த்துச் சரிசெய்யலாம் என்று நினைத்தார். குணமாகித் திரும்பி வந்து மறுபடி முறித்துக்கொண்டார். மறுபடி திரும்பி வந்தார். 2001-இல் ரசிகர்கள் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரராக அவரைத் தேர்ந்தெடுத்தபோது வயது 39.

கடைசி சீசன் மேன்செஸ்டர் சிட்டியில், மேனேஜர் கீகன் கீழே, கேப்டனாக. 99 புள்ளி, 108 கோல் எடுத்து 2002-இல் பிரீமியர் லீகுக்கு ஏறினார்கள். கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு பெனால்டி. அடித்திருந்தால் அவர் வாழ்க்கையின் நூறாவது கோல். அடிக்கவில்லை. பெனால்டிக் கட்டுரை எழுதியவருக்கு இதுவும் தெரிந்திருந்தால் இதையும் சேர்த்திருப்பார். எனக்கு அங்கே 99 என்ற எண்தான் தெரிகிறது. ஒரு லெஃப்ட் பேக் அடித்த 99.

சிட்டி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த கிளப்பின் கோலில் நின்ற பெர்ட் டிரவுட்மன், 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கழுத்தெலும்பு முறிந்தும் ஆடி முடித்தவர், 1972-இல் எங்கள் பர்மா தேசிய அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். பர்மா ஆசிய விளையாட்டில் 1966, 1970 இரண்டு முறையும் தங்கம் வாங்கிய காலத்தை ஒட்டியது அது. எங்கள் பெரியவர்கள் அந்த அணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். உங்கள் பக்கத்தில் அதைப் பற்றியும் ஒரு நாள் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பியர்ஸ் பின்னால் சிட்டிக்கு முழுநேர மேனேஜராகவும் இருந்தார். 2006-07 சீசனில் சொந்த மைதானத்தில் மொத்தமே 10 கோல், வேலை போயிற்று. அதை நான் மறைக்கவில்லை. அவர் ஆடிய காலம்தான் என் விஷயம்.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். டிஃபெண்டர்களுக்கு மாதம் ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். அவர்களின் கிளப் வாழ்க்கையை, எந்தச் சின்ன மைதானத்தில் தொடங்கினார்கள், என்ன தொழில் செய்தார்கள், எத்தனை முறை கீழே இறங்கி மேலே ஏறினார்கள் என்பதை எழுதுங்கள். பியர்ஸில் தொடங்கினால் எனக்கு மிகவும் சந்தோஷம். வீல்ட்ஸ்டோனில் கழித்த அந்த ஐந்து வருஷத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் அணியில் தமிழ் படிக்கத் தெரியாத பையன்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் வாசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
தாம்வே, ரங்கூன்