அது பகா எண் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2-இன் 32ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் கிடைக்கும் 429,49,67,297 ஒரு பகா எண் என்று தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளியாகியிருந்தது. பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே அப்படித்தான் நம்பினார் என்பதால், இது பெரிய இடத்துத் தவறுதான்! ஆனால் 1732-இல் கணித மேதை ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டார். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க வேண்டும் என்பதால், சோதிக்க வேண்டியவை மிகச் சிலவே. 193, 257, 449, 577 ஆகியவற்றால் வகுத்தால் மீதி வருகிறது, அடுத்து வரும் 641 மீதியின்றி வகுக்கிறது. ஈவாகிய 67,00,417-உம் பகா எண்ணே. 641 என்பது 5-ஐ 128-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டியது. 5-இன் 4ஆம் அடுக்காகிய 625-உம் 2-இன் 4ஆம் அடுக்காகிய 16-உம் சேர்ந்ததும் அதுவே. இவ்விரு வடிவங்களைக் கொண்டு, நெடிய வகுத்தலே இல்லாமல் இதை நிறுவிவிடலாம். திருத்தத்தோடு அந்த நிறுவலையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்